பூஜ்யம் அடித்த மரம்

பாம்பூஃப்ளாட்டிலிருந்து துறைமுகத்தைக் கடந்து சாத்தம் தீவுக்குப் போகும் காலை ஃபெர்ரியில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி சிரித்தால் ஒரு கணவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். ஜெகநாதனுக்கு வயிறு எரிந்தது.

மங்கையர்க்கரசி அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மடியில் விரித்திருந்த கட்டம் போட்ட தாளைப் பார்த்துச் சிரித்தாள். பென்சிலால் எழுதியிருந்த ஓர் எழுத்தை அழித்தாள், வேறு எழுத்தைப் போட்டாள், மறுபடியும் சிரித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன்னைப் பார்த்து ஒரு தடவையாவது இப்படிச் சிரித்திருக்கிறாளா?

"என்ன ஜோக்கு?" என்றான்.

"ஜோக்கில்லீங்க. வந்துடுச்சு."

என்ன வந்தது என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிக் கொடுப்பாள். அதைத்தான் அவனால் தாங்க முடியாது.

இரண்டு பேருக்கும் ஒரே ஆபீஸ். சாத்தம் பாலத்தைத் தாண்டி, ஒரு தனியார் மரக் கம்பெனியின் கிடங்கு. காட்டு முகாம்களில் வெட்டிய மரங்களைத் தெப்பமாகக் கட்டிக் கடலில் இழுத்து வந்து இங்கே அடுக்குவார்கள். இருப்புக் கணக்கு மங்கையர்க்கரசிக்கு. ஓடிப்போன மரங்களின் கணக்கு ஜெகநாதனுக்கு. வரும் வழியில் அலை மோதி, கட்டு அவிழ்ந்து, மிதந்து போய், பிறகு எங்காவது கரையில் ஒதுங்குகிற மரங்கள் அவை. உன் கணக்கே ஓடுகாலிக் கணக்குதானே என்று ஆபீசில் கேலி செய்வார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். சிரிக்க முடிந்த காலம் அது.

பக்தவத்சலம் கப்பலில் வந்து இறங்கியதும் அந்தக் காலம் முடிந்தது.

மெட்ராஸ் தலைமை ஆபீஸ் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் வாடகைக்கு நேரம் பிடித்திருந்தது. இனி தீவுக் கணக்கெல்லாம் அந்த மெஷின்தான் போடுமாம். மெஷினுக்கு உத்தரவு எழுதக் கற்றுக்கொடுக்க மெயின்லேண்டிலிருந்து ஆள் அனுப்பினார்கள். நெடுநெடுவென்று, கண்ணாடி போட்டு, சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு வந்த ஆள்தான் பக்தவத்சலம். வயது முப்பத்தைந்துக்குள். கல்யாணம் ஆகவில்லை. இந்தக் கடைசித் தகவலை ஜெகநாதன் ஆரம்பத்தில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆபீஸ் முடிந்ததும் கிடங்கின் பின்னறையில் வகுப்பு. கம்ப்யூட்டர் என்ற வஸ்துவை அந்தத் தீவில் யாரும் கண்ணால் பார்த்தது கிடையாது. வகுப்பு மட்டும் நடந்தது. கட்டம் போட்ட தாளில் எழுதிக் கொடுக்க வேண்டியது. தாள்கள் தகரப் பெட்டியில் ஏறி ஜஹாஜில் மெட்ராஸ் போகும். அங்கே அட்டையில் துளை போட்டு மெஷினுக்குள் விடுவார்கள். மெஷின் கக்கியதை அடுத்த ஜஹாஜ் கொண்டுவரும். ஒரு கமா விட்டுப்போயிருந்தால்கூட, அதைத் தெரிந்துகொள்ள ஒரு கப்பல் போய் ஒரு கப்பல் வர வேண்டும்.

"ஒரு தப்புக்கு ஒரு ஜஹாஜ்" என்பார் பக்தவத்சலம். வந்த சில நாளிலேயே தீவு ஹிந்தி அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆறு பேர் சேர்ந்தார்கள். நாலு பேர் ஒரே வாரத்தில் கழன்றுகொண்டார்கள். மிச்சம் இருந்தது புருஷனும் பெண்டாட்டியும்தான். அப்புறம்தான் அந்த உத்தரவு வந்தது: இருவரில் ஒருவர் ஆறு மாதப் பயிற்சிக்கு மெட்ராஸ் போவார். திரும்பி வந்ததும் அவர்தான் புதிய பிரிவுக்குத் தலைவர்.

ஒருவர். ஒரே ஒருவர்.

முதல் பாடத்தையே ஜெகநாதன் கோட்டை விட்டான். மெஷினுக்குக் கண் கிடையாது, எதைக் கொடுத்தாலும் அது என்ன ரகம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றார் பக்தவத்சலம். கரும்பலகையில் நாலு பெட்டி வரைந்தார். ஒன்று முழு எண். மரம் எத்தனை என்று எண்ணுவதற்கு. இரண்டாவது புள்ளி வைத்த எண். எத்தனை கன மீட்டர் என்று அளப்பதற்கு. மூன்றாவது எழுத்து, பெயர்களுக்கு. நாலாவதில் உண்டு, இல்லை என்ற இரண்டே பதில்தான். நடுவில் ஒன்றும் கிடையாது. பொருளைத் தப்பான பெட்டியில் போட்டால் மெஷின் சண்டை பிடிக்காது. பெட்டிக்குத் தகுந்தபடி பொருளை வெட்டிவிடும்.

ஜெகநாதன் தலையைத் தலையை ஆட்டினான். ஆட்டிவிட்டு, மரத்தின் அளவுக்கு மரம் என்றே இங்கிலீஷ் எழுத்தில் பெயர் வைத்தான். அதில்தான் வினை. எம் போன்ற சில எழுத்துகளில் பெயர் ஆரம்பித்தால் அது முழு எண் என்று மெஷின் தானாகவே எடுத்துக்கொள்ளும். பக்தவத்சலம் சொல்லித்தான் இருந்தார். முதல் கப்பல் திரும்பியது. ஒண்ணே முக்கால் கன மீட்டர் படாக் மரம் வெறும் ஒரு கன மீட்டர் என்று வந்திருந்தது. முக்கால் கன மீட்டர் மரமெல்லாம் பூஜ்யம். கிடங்கில் பாதி மரம் காற்றில் கரைந்து போயிருந்தது.

மங்கையர்க்கரசியின் தாள் புள்ளி பிசகாமல் வந்தது.

அன்றுவரை அவளை மிசஸ் ஜெகநாதன் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த பக்தவத்சலம், அன்றிலிருந்து மங்கையர்க்கரசி என்றே கூப்பிட்டார். முழுப் பெயரையும், ஓர் எழுத்து விடாமல், ருசித்துச் சொல்வது போல. ஜெகநாதன் அதைக் கவனித்தான். அவள் கேள்வி கேட்டால் அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்வதையும் கவனித்தான். தான் கேட்டால் பலகையைப் பார்த்தபடியே பதில் வருவதையும் கவனித்தான். வகுப்பில் அவன் கவனிக்காதது பாடம் ஒன்றுதான்.

இரண்டாவது பயிற்சிதான் முடிவைச் சொல்லப்போவது. கிடங்கிலிருக்கும் மரங்களை நம்பர் வாரியாக மெஷின் படிக்க வேண்டும். ஒரே நம்பர் இரண்டு தடவை வந்தால், தவறிப்போய் இரண்டு முறை எழுதிவிட்டார்கள் என்று இரண்டாவதைத் தள்ள வேண்டும். கடைசியில் மொத்த இருப்பு. யார் கணக்கு சரியாக வருகிறதோ அவருக்கு மெட்ராஸ்.

கப்பல் திங்கட்கிழமை புறப்படுவதாக இருந்தது. ஞாயிறு காலை, மங்கையர்க்கரசி தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம். மேஜையில், ஒரு பெரிய சங்குக்கு அடியில் அவளுடைய தாள்கள். ஜெகநாதன் சங்கை நகர்த்தினான். பார்த்தான். மர நம்பருக்கு அவளும் முழு எண் என்றுதான் போட்டிருந்தாள். நாலு கட்டம், முழு எண். அவன் போட்டதும் அதேதான். ஒரு வித்தியாசமும் இல்லை. அப்படியானால் இரண்டு கணக்கும் சரியாக வரும். பக்தவத்சலம் யாரை அனுப்புவார் என்பதில் சந்தேகமே வேண்டாம். சங்கை இருந்த இடத்தில் வைத்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்தான்.

கரையில் வியாகுலம் நின்றிருந்தார். தூத்துக்குடிக்காரர். கம்பெனியில் மரத்துக்கு முத்திரை அடிக்கிற வேலை. முந்தின நாள் ஒதுங்கிய படாக் ஒன்று மணலில் பாதி புதைந்து கிடந்தது. எண் பொறித்த சுத்தியலால் அதன் வெட்டு முகத்தில் அடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன வே பாபு," என்றார், தலை நிமிராமலே. "வீட்டம்மா மெட்ராஸ் போறாவளாமே. வாத்தியாரு ஆபீசுல சொல்லிக்கிட்டு இருந்தாரு, அவியளுக்கு மூளைன்னா மூளையாம். நீரு இப்பவே கஞ்சி காய்ச்சப் படிச்சுக்கிடும்."

வாத்தியார் ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாரா? எதையாவது பார்க்க வேண்டுமே என்று ஜெகநாதன் மரத்தைப் பார்த்தான். சுத்தியல் இறங்கியது. முதலில் ஒரு பூஜ்யம். அப்புறம் நாலு, ஒன்று, ஏழு.

ஒதுங்கிய மரத்துக்கு அதுதான் வழக்கம். பழைய முத்திரை பாறையில் உரசி அழிந்திருக்கும். ஆகவே தனி வரிசையில் புது நம்பர், அடையாளமாக முன்னால் ஒரு பூஜ்யம். காட்டிலிருந்து நேராக வந்த மரம் 417. ஓடிப்போய்த் திரும்பிய மரம் 0417. இரண்டும் வேறு வேறு மரம். கிடங்கில் யாரைக் கேட்டாலும் தெரியும். அவ்வளவு பழகிப்போனதால்தான் யாரும் அதை யோசித்துப் பார்ப்பதில்லை.

மெஷின் அதை யோசிக்குமா?

முழு எண் பெட்டியில் போட்டால் முன்னால் வரும் பூஜ்யத்துக்கு மதிப்பேது? உதிர்த்துவிடும். 0417 வெறும் 417 ஆகிவிடும். ஏற்கெனவே ஒரு 417 இருக்கிறதே, இது இரண்டாவது என்று மெஷின் தள்ளிவிடும். ஒன்றல்ல, ஒதுங்கிய மரங்களில் முக்கால்வாசி காணாமல் போகும்.

நம்பர் என்று நாம் சொல்கிறோமே தவிர, அது நம்பரே இல்லை. அது மரத்தின் பெயர். இரண்டு மரத்தின் நம்பரைக் கூட்டி யாராவது எதையாவது கண்டுபிடித்தது உண்டா? எழுத்துப் பெட்டியில் அல்லவா போட வேண்டும்! பக்தவத்சலத்தின் நாலு பெட்டியும், கரும்பலகையும், சாக்பீஸ் தூளும், எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது.

ஓடினான். மணலில் செருப்பு கழன்றது. கையில் எடுத்துக்கொண்டு ஓடினான். மங்கையிடம் சொல்ல வேண்டும். அந்த நிமிஷத்தில் அவன் நெஞ்சில் அதைத் தவிர வேறொன்றும் இல்லை. இதை மட்டும் நம்ப வேண்டும்.

வாசலில் மூச்சிரைக்க நின்றான். "மங்கை..."

அவள் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். முன்னால் இருந்தது அவள் தாள் அல்ல. அவனுடைய தாள். கையில் பென்சில். பரண் மேல் கிடந்த டிரங்க் பெட்டி கீழே இறங்கியிருந்தது. தூசி தட்டித் துடைத்து, மூடியைத் திறந்து வெயிலில் வைத்திருந்தாள்.

"வாங்க," என்றாள் சாதாரணமாக. "உங்க தாளைப் பார்த்தேன். ரெண்டு இடத்துல கமா விட்டிருந்தீங்க. போட்டுட்டேன். இல்லேன்னா மெஷின் அங்க வந்து நின்னிருக்கும். என்னவோ சொல்ல வந்தீங்களே?"

ஜெகநாதன் டிரங்க் பெட்டியைப் பார்த்தான். முடிவே ஆகிவிட்டதா? பெட்டி கட்டுகிற அளவுக்கு? போகிற போக்கில் தனக்குக் கமா பிச்சை வேறு!

"ஒண்ணுமில்ல," என்றான். "தண்ணி ஏறிக்கிட்டு வருது. அதான் ஓடி வந்தேன்."

மறுநாள் காலை ஆபீஸ் வராந்தாவில், யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தகரப் பெட்டியிலிருந்து தன் தாளை எடுத்தான். மர நம்பருக்கு எதிரே இருந்த ஐ என்ற எழுத்தை ரப்பரால் அழித்து ஏ என்று மாற்றினான். முழு எண் எழுத்தாயிற்று. அவ்வளவுதான் வேலை. பக்கத்திலேயே அவள் தாள் இருந்தது. ரப்பரும் கையில் இருந்தது.

தகரப் பெட்டி மூடப்பட்டது. கப்பல் ஊதியது.

காத்திருந்த நாட்களில் ஜெகநாதன் மனைவியிடம் தேனாகப் பழகினான். சந்தையில் நல்ல மீனாகப் பார்த்து வாங்கினான். ஃபெர்ரியில் வெயில் படாத பக்கத்தை அவளுக்கு விட்டான். இவருக்கு என்ன வந்தது என்பது போல அவள் பார்ப்பாள், பிறகு சிரிப்பாள். இப்போது அவனைப் பார்த்தேதான் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனுக்கு முள்ளாகக் குத்தியது. ஆனாலும் மாலையில் வகுப்பறையில் பக்தவத்சலம் அவள் பெயரை முழுசாகச் சொல்லும்போது முள் மறந்துபோகும். எரிச்சல் வந்து உட்கார்ந்துகொள்ளும். வரட்டும் கப்பல் என்று பல்லைக் கடித்துக்கொள்வான்.

வந்தது.

பக்தவத்சலம் காகிதச் சுருளைப் பிரித்தபோது பின்னறையில் ஆபீசே கூடியிருந்தது. வியாகுலம்கூட ஜன்னலுக்கு வெளியே நின்றார். முதலில் மங்கையர்க்கரசியின் கணக்கு. அவர் முகம் மாறியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒதுங்கிய மரங்களை மெஷின் வரிசையாகத் தள்ளியிருந்தது. மொத்த இருப்பு படு மட்டம்.

அடுத்தது ஜெகநாதனுடையது. ஒரு மரம்கூட விடுபடவில்லை.

"மிஸ்டர் ஜெகநாதன்," என்றார் பக்தவத்சலம். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். "எப்படி?"

அந்தக் கேள்விக்காகத்தான் அவன் இத்தனை நாள் காத்திருந்தான். எழுந்து பலகைக்குப் போனான். 417 என்று எழுதினான். பக்கத்திலேயே 0417 என்று எழுதினான்.

"நம்பர் மாதிரி இருக்கறதெல்லாம் நம்பர் இல்ல சார். கூட்டிப் பார்க்கணும். கூட்டினா அர்த்தம் வருதா? வந்தா எண்ணு. வரலேன்னா அது பேரு. பேருல முன்னால இருக்கற பூஜ்யமும் ஒரு எழுத்துதான். உதிரக் கூடாது."

யாரோ கை தட்டினார்கள். பக்தவத்சலம் அசந்துபோய் நின்றார். தனக்கே தோன்றவில்லை என்று ஒப்புக்கொண்டார். இது எப்போது பிடிபட்டது என்று கேட்டார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். எழுதும்போதே தோன்றியது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் கை தட்டல் காதில் இருந்தது. வாத்தியாரின் கண் முதல் தடவையாகத் தன் முகத்தில் இருந்தது.

"கப்பலுக்கு முந்தின நாள் சார். ஞாயித்துக்கிழமை. நம்ம வியாகுலம் கரையில பூஜ்யம் அடிச்சாரே, அந்தச் சுத்தி விழுந்த செகண்டுல புரிஞ்சுபோச்சு."

ஜன்னலுக்கு வெளியே வியாகுலம் பெருமையாகத் தலையாட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். மங்கையர்க்கரசி மட்டும் மெல்லத் தலை நிமிர்ந்தாள். அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வை பட்ட பிறகுதான், தன் வாயிலிருந்து என்ன விழுந்துவிட்டது என்று ஜெகநாதனுக்கு உறைத்தது.

ஃபெர்ரியில் அவள் வெயில் பக்கம் போய் உட்கார்ந்தாள். துறைமுகத்தின் நடுப்பகுதி வந்ததும் அவன் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு மூச்சு வாங்க ஓடி வந்தீங்களே," என்றாள். "இதைச் சொல்லத்தானே வந்தீங்க?"

"மங்கை, அது வந்து..."

"உங்க தாளுக்குக் கமா போட்டவ நான். அப்ப உங்களுதுலயும் முழு எண்ணுதான் இருந்துச்சு. கண்ணால பார்த்தேன். ஆமாவா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

எஞ்சின் தடதடத்தது. எதிர் பெஞ்சில் ஒரு பெங்காலிக்காரர் மடியில் கோழியை வைத்துக்கொண்டு தூங்கினார்.

"ஆமா," என்றான்.

அவள் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழவில்லை. "நான் கமா போட்டுக்கிட்டு இருந்தேன்," என்று மட்டும் சொன்னாள்.

நாளைக்கே பக்தவத்சலத்திடம் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நீயே போய் வா என்று அவன் தழுதழுத்தான். அவள் தலையை அசைத்து மறுத்தாள். அப்படிப் போனால் புருஷன் விட்டுக்கொடுத்த இடம் என்றுதான் ஊர் பேசும். தனக்கு அது வேண்டாம். தப்பு தன் தாளில் இருந்தது, தப்பு தன்னுடையதுதான். அதை மறைத்தது மட்டுமே அவனுடையது. அதை அவனே வைத்துக்கொள்ளட்டும். இவ்வளவையும் கோபமே இல்லாமல் சொன்னாள். டிரங்க் பெட்டியை இறக்கி வைத்ததுகூடத் தனக்காக இல்லையாம். யார் போனாலும் வேண்டியிருக்கும் என்றுதானாம்.

இடி அதற்கப்புறம் விழுந்தது. துளை போடும் மெஷின் ஒன்றை இனி தீவுக்கே அனுப்பப்போவதாகத் தலைமை ஆபீஸிலிருந்து தந்தி. புதிதாக ஆறு பேருக்கு வகுப்பு. பக்தவத்சலம் மழைக்காலம் முடியும் வரை இங்கேயே இருப்பார். பாடம் நடத்த அவருக்குத் துணை, மங்கையர்க்கரசி.

ஜெகநாதன் தந்தியைத் திரும்பத் திரும்பப் படித்தான். தான் மெட்ராஸில். அவர் இங்கே. அவளும் இங்கே. மாலை நேரத்தில், அந்தப் பின்னறையில். இதற்காகவா?

புறப்படும் நாளில் அவள் கப்பல் துறைக்கு வந்தாள். டிரங்க் பெட்டியில் துணிகளை மடித்து வைத்தது அவள்தான். பலகாரப் பொட்டலமும் வைத்திருந்தாள். குறை சொல்ல எதுவுமில்லை. பக்தவத்சலமும் வந்திருந்தார், வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார். குடை பெரிய குடை. இரண்டு பேர் நிற்கலாம்.

படியில் கால் வைக்கப்போன நேரத்தில் அவள் கிட்டே வந்தாள்.

"உங்க எழுத்துப் பெட்டியில ஒரு தப்பு இருக்குங்க. நேத்துதான் கண்டுபிடிச்சேன்."

"என்ன தப்பு?"

"மெட்ராஸ்ல அட்டையில நாலு கட்டத்துல 417 அடிக்கறவன் முதல் கட்டத்துல ஆரம்பிச்சாலும் ஆரம்பிப்பான், ரெண்டாவதுல ஆரம்பிச்சாலும் ஆரம்பிப்பான். முழு எண்ணுல, முன்னால ஒரு கட்டம் காலியா இருந்தாலும் 417 தானே? எழுத்துன்னு சொல்லிட்டீங்க. ஒரு கட்டம் தள்ளி அடிச்சா அது வேற பேரு. ஒரே மரம் ரெண்டு மரமாயிடும். இந்தத் தடவை நல்லா அடிக்கற ஆளா இருந்திருக்கான், தப்பிச்சீங்க. அங்க போனதும் முதல்ல இதைச் சரி பண்ணிடுங்க." குரலைத் தாழ்த்தினாள். "கப்பல் போனப்புறம் சொல்லியிருக்கலாம். எனக்கு வயித்துக்குள்ள வெச்சிருக்க வராது."

அவ்வளவுதான். பின்னால் இருந்தவர்கள் சலோ சலோ என்று தள்ளினார்கள். அவன் மேலே போய்ச் சேர்ந்தான்.

கப்பல் நகர்ந்தது. கம்பியைப் பிடித்தபடி பார்த்தான். துறையில் மங்கையர்க்கரசி காற்றில் விரலால் கட்டம் வரைந்து, நாலில் முதலாவதைத் தட்டிக் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். பக்தவத்சலம் குடையைச் சாய்த்து, தலையைக் குனிந்து, கேட்டுக்கொண்டிருந்தார். குடை இப்போது அவள் பக்கமும் நிழல் தந்தது.

வெட்கப்பட வேண்டும் என்று ஜெகநாதனுக்குத் தெரிந்தது. வெட்கமும் வரத்தான் செய்தது. ஆனால் அதற்கு முன்னால், அடிவயிற்றிலிருந்து அந்தப் பழைய நெருப்பு கிளம்பி மேலே வந்தது: இது எனக்கு எப்படித் தோன்றாமல் போனது?

சட்டைப் பையில் பென்சிலைத் தேடினான். கப்பல் முனையைத் தாண்டித் திரும்பியது. குடை மறைந்தது.